மையமும் விளிம்பும்: இணைப்புற்ற கருவிகளின் இடைநிலை மென்பொருள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசாட்சியாயினும் நீர்ப்பாசனமாயினும் ஆலைத்தொழிலாயினும், பரந்து கிடக்கும் ஓர் அமைப்பினை நடத்துவோர்க்கு எக்காலத்தும் எழுவது ஒரு வினா. நிகழ்ச்சி தோன்றும் இடத்திலேயே அதற்குரிய முடிவினைச் செய்துவிடுதல் தக்கதா? அன்றித் தலைமையிடத்துக்கு அறிவித்து, அங்கிருந்து ஆணை வருமளவும் காத்திருத்தல் தக்கதா? பழமையான இவ்வினாவே இன்று கணினித் துறையிலே புதுப்பெயர் பூண்டு நிற்கின்றது. நிலத்தின் ஈரத்தையும் மழையின் அளவையும் பொறியின் வெப்பத்தையும் தாமே அளந்து அறிவிக்கும் சிறு கருவிகள் உலகெங்கும் இணையத்தோடு பிணைக்கப்பட்டுள்ளன. அவை தரும் செய்திகளையெல்லாம் தொலைவிலுள்ள பெருங்கணினி நிலையத்துக்கு அனுப்பிக் கணித்தலை முகிற் கணிமை என்பர். கருவிக்கு அண்மையிலேயே சிறு கணினியொன்றை வைத்துக் கணித்தலை விளிம்புக் கணிமை என்பர். கருவிக்கும், அதன் செய்தியைப் பயன்கொள்ளும் நிரலுக்கும் இடையே நின்று, மொழிபெயர்த்தும் சேமித்தும் தெரிந்தெடுத்தும் அனுப்பியும் தொண்டாற்றுவது இடைநிலை மென்பொருள்.

இம்மென்பொருள் எவ்வாறு வளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகும். தொடர்பு தடையின்றி அமைந்த இடங்களைக் காட்டினும், அது அறும் இடங்களும் தாமதிக்கும் இடங்களும் பெருஞ்செலவு வைக்கும் இடங்களுமே இத்துறையை வளர்த்துள்ளன. ஆதலால் இத்தகைய மென்பொருளை வகுப்போர் முதற்கண் எண்ணவேண்டுவது, தொடர்பு அறுந்த வேளையில் முடிவு செய்பவர் யார் என்பதே. மாத்தளை போன்ற மலைசார்ந்த மாவட்டத்தில் வாழ்வார்க்கு இது நூலறிவோடு நின்றுவிடும் வினாவன்று. உயிரைப் பற்றிய வினாவுமாகும்.

கணினி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே எமது பிரதேசத்து ஆறுகள் இவ்வினாவுக்கு ஒருவகை விடை கூறியுள்ளன. வசப மன்னன் வெட்டுவித்ததாக மகாவம்சம் கூறும் வாய்க்காலை, அம்பன் கங்கையிலிருந்து நீர் கொண்டு செல்லும் எலஹெர வாய்க்கால் என அறிஞர் கொள்வர். அவன் ஆட்சி கி.பி. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தொடங்கியது. பின்வந்த மகாசேனன் மின்னேரியாக் குளத்தை அமைத்தான். பழைய பெருங்குளங்களின் மதகுகளிலே பிசோகொட்டுவ எனப்படும் நாற்கோணக் கிணறு ஒன்று உண்டு. குளத்தின் நீர் வெளியேறும் அளவை அக்கரையிலேயே கட்டுப்படுத்துதற்கு அமைந்தது அதுவென ஹென்றி பாக்கர் என்னும் பொறியியலாளர் 1909 இல் வெளியிட்ட தமது நூலில் விளக்கியுள்ளார். ஆற்றைத் திருப்புவது அரசன் ஆணையாயிருக்கலாம். ஆயினும் மதகைத் திறந்து மூடும் கை குளக்கரையில் இருந்தாக வேண்டும். பிற்காலத்துக் கிராமங்களில் எந்த வயலுக்கு எப்பொழுது நீர் விடுவது என்பதைப் பார்த்துச் செய்தவர் வெல்விதானை. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அரண்மனையிலிருந்து ஆணை வரவேண்டும் என்றிருந்தால், பயிர் கருகிய பின்னரே நீர் வந்திருக்கும்.

இதற்கு மறுதலையான உண்மையையும் அதே ஆறு காட்டுகின்றது. 1976 இல் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக அதன் நீர் எமது மாவட்டத்து உக்குவளை மின்னிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே மின்னைப் பிறப்பித்த நீர் சுது கங்கையிற் கலந்து அம்பன் கங்கையை அடைகின்றது. போவத்தென்னையில் அதன் ஒரு பகுதி கலாவாவிப் பக்கம் திருப்பப்படுகின்றது. எஞ்சியது, 2017 இல் நீர் நிரப்பத் தொடங்கிய மொரகஹகந்த நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கின்றது. போவத்தென்னையில் கதவருகே நிற்பவர் எத்துணைத் திறமையுடையராயினும், அநுராதபுரத்து வயல்களின் தேவையையும் மின்னிலையத்தின் தேவையையும் அங்கு நின்றபடி அறியமாட்டார். அப்பங்கீட்டைச் செய்ய முழுமையையும் நோக்கும் மையம் ஒன்று வேண்டும். எனவே, உடனே செய்யவேண்டுவது விளிம்புக்கும், ஒப்புநோக்கிச் செய்யவேண்டுவது மையத்துக்கும் உரியன என்னும் பாகுபாடு நீர்ப்பாசனத்தில் இயல்பாகவே அமைந்துவிட்டது. கணினித்துறை இப்பாகுபாட்டுக்கு வந்துசேர அரை நூற்றாண்டு பிடித்தது.

அத்துறையின் தொடக்க காலத்தில் ஆட்சி செய்தது மையமே. 1964 இல் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்ரம்/360 என்னும் பொறி வரிசையை அறிவித்த நாளில், கணினி என்பது தனியறையில் வீற்றிருக்கும் ஒரு பெரும்பொருள். வேலையை அதனிடம் கொண்டு செல்வதே வழக்கம். 1968 ஒக்ரோபரில் ஜேர்மனியின் கார்மிஷ் நகரிலே நேட்டோ அமைப்பின் ஆதரவில் மென்பொருட் பொறியியல் மாநாடு ஒன்று கூடியது. ஆங்கே அலெக்சாந்தர் டாகபயேவ் என்னும் பிரித்தானிய அறிஞர் மென்பொருளின் அடுக்குகளைத் தலைகீழாக நிற்கும் கூம்பாக வரைந்து காட்டினார். பொறியோடு வரும் அடிப்படை நிரல்களுக்கும் பயன்பாட்டு நிரல்களுக்கும் இடையே ஓர் அடுக்கு தேவையாகின்றது என்றும், பொறி செய்வோர் தரும் நிரல் ஒவ்வொருவர் தேவைக்கும் பொருந்தாமையே அதற்குக் காரணம் என்றும் அவர் எடுத்துரைத்தார். இடைநிலை மென்பொருள் என்னும் சொல்லின் மிகப் பழைய ஆட்சிகளுள் ஒன்று அம்மாநாட்டு அறிக்கையிலே காணப்படுவதாகும்.

அதே 1968 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வேறொரு முயற்சி தொடங்கியது. மோட்டார் வாகன ஆலைகளின் பொறிகளை இயக்கிய மின்விசைத் தொடுப்புகளைப் புதிய மாதிரி வாகனம் வருந்தோறும் கழற்றிப் பூட்டவேண்டியிருந்தது. அதற்கு மாற்றாக, நிரலால் இயங்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை டிக் மோர்லி என்பாரும் அவர் குழுவினரும் ஆக்கினர். ஆலையின் தூசியிலும் வெப்பத்திலும் பொறியின் பக்கத்திலேயே நின்று முடிவு செய்த அக்கருவியை விளிம்புக் கணினிகளின் முன்னோன் எனலாம். அவர்களது மொடிகோன் நிறுவனம் 1979 இல் மொட்பஸ் என்னும் நெறிமுறையை வெளியிட்டது. தலைமைக் கருவி கேட்கும்; மற்றைக் கருவிகள் கேட்டதற்கு விடை கூறும். இத்துணை எளிமையாக இருந்தமையால் அது இன்றும் ஆலைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் வழங்குகின்றது. அதன் குறைபாடும் அவ்வெளிமையிலேயே உள்ளது. கேட்போர் யாவர் என்று அறியும் ஆற்றல் அதற்கு இல்லை. யார் கேட்பினும் விடை கூறிவிடும்.

தொடர்பு அறுதலை நேர்நின்று ஆராய்ந்தவருள் முதன்மையானவர் மகாதேவ் சத்யநாராயணன். இவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் பெற்று, 1983 இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அங்கே 1987 இல் இவர் தலைமையில் கோடா என்னும் கோப்பு முறைமையின் ஆக்கம் தொடங்கியது. ஒருவர் தம் கணினியை வலையிலிருந்து கழற்றிக்கொண்டு சென்றாலும் வேலை தடைப்படலாகாது என்பது அதன் கொள்கை. வேண்டப்படும் கோப்புகளை முன்னரே தன்பால் ஈட்டிவைத்தல், தனித்திருக்குங்கால் நிகழும் மாற்றங்களைக் குறித்துவைத்தல், தொடர்பு மீண்டபின் அம்மாற்றங்களை மையத்தோடு இணக்குதல் என மூன்று படிகளை அது வகுத்தது. தொடர்பறுதலைப் பிழையாகக் கொள்ளாது, எதிர்பார்க்கத்தக்க ஒரு நிலையாகக் கொண்டமையே அதன் சிறப்பு. பின்வந்த விளிம்பு மென்பொருள்களிலெல்லாம் இம்மூன்று படிகளையும் ஏதேனும் ஒரு வடிவிற் காணலாம்.

அடுத்த படி எண்ணெய்க் குழாய்களிலிருந்து வந்தது. பாலைநிலத்தினூடே செல்லும் குழாய்களின் அழுத்தத்தைச் செய்மதி வழியாக அறிவிக்கவேண்டியிருந்தது. செய்மதித் தொடர்போ மெதுவானது, செலவு மிக்கது. 1999 இல் ஐ.பி.எம். நிறுவனத்து அன்டி ஸ்ரான்போட்-கிளார்க்கும், ஆர்லன் நிப்பரும் சேர்ந்து எம்.கியூ.ரி.ரி. என்னும் நெறிமுறையை வகுத்தனர். இதில் ஒவ்வொரு கருவியையும் ஓயாது கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செய்தி உள்ள கருவி அதனை ஒரு தரகு நிரலிடம் ஒப்படைக்கும். விரும்பியோர் அங்கிருந்து பெறுவர். ஒருமுறை அனுப்பிவிட்டு அமைதல், கிடைத்ததென்று விடை வருமளவும் மீட்டும் அனுப்புதல், இருமுறை சேராவண்ணம் ஒருமுறையே சேர்ப்பித்தல் என மூவகைப் பொறுப்பும் அதில் உண்டு. அதன் மிக நுண்ணிய ஏற்பாடு மரணசாசனம் போன்றது. கருவி இணையும்போதே, தான் திடீரென்று மறைந்தால் அறிவிக்கவேண்டிய செய்தியைத் தரகு நிரலிடம் எழுதிக்கொடுத்துவிடும். இதனால் மௌனத்துக்கும் ஒரு பொருள் உண்டாயிற்று. 2014 இல் இந்நெறிமுறை ஒயாசிஸ் அமைப்பின் பொதுநியமமாக ஏற்கப்பட்டது.

இதற்கிடையே மையம் மீண்டும் வலுப்பெற்றது. 2006 இல் அமேசன் நிறுவனம் தன் கணினிகளை வாடகைக்கு விடத் தொடங்கிய பின்னர், முகிற் கணிமை உலகெங்கும் பரவியது. அதற்கு இயற்கையே இட்ட எல்லையொன்று உண்டு. கண்ணாடியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். 10,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கணினியிடம் கேட்டு விடைபெற, வேறு தாமதம் எதுவும் இல்லாவிடினும், பத்தில் ஒரு செக்கன் கழிந்துவிடும். விரைந்து சுழலும் பொறிக்கும் ஓடும் வாகனத்துக்கும் அது நெடும்பொழுது. 2009 இல் சத்யநாராயணனும் உடனாய்வோரும் பயனருக்கு அருகே சிறுமுகில்களை அமைக்கவேண்டும் என்று எழுதினர். 2012 இல் சிஸ்கோ நிறுவனத்து பிளாவியோ பொனோமி முதலியோர் இதையொத்த அமைப்புக்கு மூடுபனிக் கணிமை என்று பெயரிட்டனர். மூடுபனியாவது நிலத்தைத் தொட்டு நிற்கும் முகில் என்பதை நக்கிள்ஸ் மலைச்சாரலில் வாழ்வார்க்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2017 இல் லினக்ஸ் அறநிலையம் எட்ஜ்எக்ஸ் என்னும் திறந்த இடைநிலை மென்பொருளாக்கத்தைத் தொடங்கியது. மொட்பஸ் பேசும் கருவியையும் எம்.கியூ.ரி.ரி. பேசும் கருவியையும் ஒரே வீட்டில் வாழச்செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் உரிய இடம் உண்டு என்பதை எம் மாணவர் அறிதல் நன்று. 2004 டிசம்பர்ச் சுனாமியின் பின்னர், லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த தொண்டர்கள் சகானா என்னும் அனர்த்த நிருவாக மென்பொருளை ஆக்கி, எவரும் இலவசமாகப் பயன்கொள்ள வழிசெய்தனர். அம்மன்றத்தைத் தோற்றுவித்த சஞ்சீவ வீரவர்ணவும், போல் பிரமாண்டிலும் 2005 இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் இடைநிலை மென்பொருள் நிறுவனத்தை நிறுவினர். இருவரும் முன்னர் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றியவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்து மாணவர் சிலர் தம் இறுதியாண்டுச் செயற்றிட்டமாகச் சித்தி என்னும் மென்பொருளை ஆக்கினர். அதனை விளக்கி 2011 இல் வெளியான ஆய்வுக்கட்டுரையின் முதலாசிரியர் சிறீஸ்கந்தராஜா சுகோதயன். ஓடிவரும் நிகழ்ச்சிகளைச் சேமித்துப் பின்னர் ஆராயாமல், அவை ஓடும்போதே ஆராய்வது சித்தியின் தொழில். கடந்த இத்துணை மணித்தியாலத்து நிகழ்ச்சிகள் என்றொரு நகரும் சாளரத்தை அது வைத்துக்கொள்ளும். அச்சாளரத்தில் விழுந்தவற்றைக் கூட்டும், ஒப்பிடும், ஒழுங்கு காணும். பெரிய நிலையங்களில் இயங்கும் இம்மென்பொருள் கையடக்கமான சிறு கணினியிலும் இயங்கவல்லது. மையத்தில் எழுதும் விதியையே விளிம்பிலும் எழுதலாம் என்பது இதனாற் கிடைத்த பேறு.

இனி, இத்தகைய மென்பொருளை வகுக்கும் முறையை எமது நிலத்திலேயே வைத்து நோக்குவாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையின் அளவை அடிப்படையாகக் கொள்கின்றது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு நிலை. 100 மில்லிமீற்றரானால் ஆயத்த நிலை. 150 மில்லிமீற்றரானால் வெளியேறும் நிலை. மலைப்பிரதேசங்களில் தன்னியக்க மழைமானிகளும் நிறுவப்பட்டுள்ளன. இத்தகைய மானிகள் பலவற்றில் நிரம்பியதும் கவிழும் சிறு கிண்ணம் உண்டு. இதன் மூலக்கருத்து 17 ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தோபர் ரென் ஆக்கிய கருவியிலிருந்து வருவது. ஒரு கவிழ்ப்பு 0.2 மில்லிமீற்றர் எனக் கொண்டால், 150 மில்லிமீற்றர் என்பது 750 கவிழ்ப்புகள். 750 வரை எண்ணுதற்குக் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ பெருங்கணினி வேண்டுமா? இரத்தோட்டை மலைச்சரிவில் ஒரு கம்பத்திலே தொங்கும் சிறு பெட்டியே அதற்குப் போதும்.

அப்பெட்டியில் அமையும் இடைநிலை மென்பொருளின் கடமைகள் ஐந்து. முதலாவது, கருவியின் மொழியைப் பொதுமொழியாக்குதல். கவிழ்ப்பை மில்லிமீற்றராகவும், அது நிகழ்ந்த நேரத்தோடும் பதிதல். இரண்டாவது, விதியை அவ்விடத்திலேயே நிறைவேற்றுதல். நகரும் 24 மணித்தியாலச் சாளரத்தில் எல்லை கடந்ததும், மையத்தின் விடைக்குக் காத்திராது, ஊதலை ஒலித்தல். மூன்றாவது, சேமித்து அனுப்புதல். தொடர்பு உள்ளபோது கால் மணித்தியாலத்துக்கு ஒரு செய்தியாக நாளுக்கு 96 செய்திகள் விடுத்தல், தொடர்பு அறும்போது அவற்றை ஈட்டிவைத்து மீளும்போது நேரவரிசையிற் செலுத்துதல். நான்காவது, தன் நலத்தைத் தானே கூறுதல்; மின்கலம் இறங்கினாலும் புனலை இலைகள் அடைத்தாலும் மழை பூச்சியம் என்றே காட்டும். அப்பூச்சியத்தை நம்பி உறங்குதல், கருவியே இல்லாதிருப்பதினும் கேடு. அயலிலுள்ள மானிகளோடு ஒப்பிட்டு இதனைக் கண்டறிவது மையத்தின் வேலை. ஐந்தாவது, ஆணையிடுவோரை அடையாளங்காணுதல். விதியை மாற்றவோ மென்பொருளைப் புதுக்கவோ வருபவர் உரியவர்தாமா என ஆராய்தல்.

ஐந்தாவது கடமையை அற்பமென்று விட்டவர் பட்ட பாட்டுக்கு 2016 ஆம் ஆண்டு சான்று. மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாமல் விற்கப்பட்ட கமெராக்களிலும் பிற கருவிகளிலும் நுழைந்து, அவற்றைப் பெரும்படையாகத் திரட்டியது. அவ்வாண்டு ஒக்ரோபரில் டைன் நிறுவனத்தின் பெயர்வழிகாட்டிக் கணினிகளை அப்படை தாக்கியதால், அமெரிக்காவில் பல இணையத்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. விளிம்புக்கு அதிகாரம் கொடுக்குமிடத்து, அதனைக் காக்கும் பூட்டையும் உடன் கொடுத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய தித்வா சூறாவளி, இக்கட்டுரையின் வினாவை நூலகத்திலிருந்து வெளியே கொணர்ந்து நிறுத்தியது. மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடெங்கும் 600 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மின்சாரம் நின்றது, இழைகள் அறுந்தன, தொலைபேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தன. மழை மிகப் பெய்யும் நேரமே தொடர்பு அறும் நேரமும் ஆகும். ஆகவே மையத்தின் சொல்லையே நம்பி நிற்கும் எச்சரிக்கை அமைப்பு, வேண்டாத நாளெல்லாம் பேசி, வேண்டிய நாளில் ஊமையாகிவிடும். கோடாவும் எம்.கியூ.ரி.ரி.யும் முன்னரே கற்பித்த பாடம் இது. தொடர்பு இருக்கும் நாளை மனத்திற்கொண்டு வகுப்பவர் பாதி வேலையே செய்தவராவர்.

இதனால் மையம் வேண்டாதது என்று கொள்ளலாகாது. சரிவு எங்கெங்கே நேரலாம் என்று நில வரைபடம் செய்வதும், பல்லாண்டு மழையை ஆராய்ந்து எல்லையளவைத் திருத்துவதும், போவத்தென்னைக் கதவை எப்பொழுது திறந்தால் கீழேயுள்ளார்க்கு ஊறு நேராது என்று முன்கூட்டி எண்ணுவதும் அதன் கடன். விதியை ஆக்குவது மையம். காலத்தில் நிறைவேற்றுவது விளிம்பு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உடன்படிக்கையை எழுத்தில் வடித்த உருவமே இடைநிலை மென்பொருள். அதனை எழுதுபவர் நிரலாசிரியர் மட்டுமாயிருத்தல் போதாது. மலைச்சரிவை அறிந்த புவியியலாளரும், கிராம உத்தியோகத்தரும், அச்சரிவின் கீழே லயத்தில் வாழும் மக்களும் அவ்வுடன்படிக்கைக்கு உரியவர். எத்தனை மில்லிமீற்றரில் ஊதல் ஒலிக்கும், ஒலித்தால் எவ்வழியே செல்வது, பொய்யாக ஒலித்தால் யாரிடம் முறையிடுவது என்பன தமிழிலும் சிங்களத்திலும் அவர்கள் கைக்குச் சேர்தல் வேண்டும்.

எமது கல்லூரிகளில் இன்று நிரலாக்கம் கற்பிக்கப்படுகின்றது. கவிழ்ப்புகளை எண்ணி எல்லையில் ஒலிக்கச்செய்யும் நிரலை உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் சில நாள்களில் எழுதிவிடலாம். அதனை எழுதியபின் இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, கிண்ணத்தில் நீரை ஊற்றிப் பார்த்தல் வேண்டும். அப்பொழுதும் ஊதல் ஒலிக்குமாயின் அவர் இத்துறையின் முதற்பாடத்தைக் கற்றவராவர்.